உஷார்! அபராதச் சீட்டுக்குப் பயந்த ஊர் இது

காலை ஐந்தரை மணிக்கு ஜோகூர் பாருவிலிருந்து உட்லண்ட்ஸுக்கு வரும் 950-ஆம் எண் பேருந்தில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். நிற்க இடமிருக்காது. அரைத்தூக்கத்தில் நிற்பவர் உள்ளங்கைக்குள் இருமுவார். இருமிய கையாலேயே மறுபடி கம்பியைப் பிடிப்பார். பக்கத்தில் நிற்பவர் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டார். 2021-இல் இதே வட்டாரத்தில், எம்ஆர்டி ரயிலில் ஒருவர் தும்மியிருந்தால் பாதிப் பெட்டி காலியாகியிருக்கும்.

பயம் போனது நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் பயத்தோடு சேர்த்துப் பழக்கத்தையும் தூக்கிப் போட்டுவிட்டோம். அதனால்தான் உஷார் என்கிறேன்.

கொவிட் முடிந்த கதை என்று நினைப்பவர்களுக்குச் சில எண்கள். 2023 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் சிங்கப்பூரில் 56,000 பேருக்குக் கிருமி தொற்றியதாகச் சுகாதார அமைச்சு கணக்கிட்டது. 2024 மே மாதத்தில் ஒரு வாரத்துக்கு 25,900. 2025 மே தொடக்கத்தில் 14,200. இவர்களில் பெரும்பாலோருக்குச் சளி, காய்ச்சல் அளவில் போய்விட்டது உண்மை. தடுப்பூசி செய்த வேலை அது. இதே கிருமிதான் அடுத்த முறையும் வரும், இதே சாந்தத்தோடுதான் வரும் என்று நமக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அரசாங்கம் தன் பக்கத்துக்குத் தயாராகிவிட்டது. 2024 மார்ச்சில் தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தினார்கள். முழு அவசரநிலை அறிவிக்காமலேயே, அதற்கு ஒரு படி கீழே இருக்கும்போதே கட்டுப்பாடுகளை விதிக்க இப்போது வழி உண்டு. 2025 ஏப்ரல் 1-ஆம் தேதி தொற்றுநோய்களுக்கென்றே தனி அமைப்பொன்றும் செயல்படத் தொடங்கியது. தயாராகாதது நாம்தான். ஏன் என்று புரிய, போன தடவை நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதைக் கொஞ்சம் கூச்சத்தோடு திரும்பிப் பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரல் 3-ஆம் தேதி அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தொலைக்காட்சியில் பேசினார். 7-ஆம் தேதி முதல் நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம், எல்லார் வாயிலும் 'சர்க்கியூட் பிரேக்கர்'. மே 4 வரை என்றார்கள், பிறகு ஜூன் 1 வரை நீட்டினார்கள். காப்பிக்கடை மேசைகளைச் சிவப்பு வெள்ளை நாடாவால் சுற்றிவிட்டார்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடும் கல்மேசைக்கும் அதே நாடா. முதல் இரண்டு நாளிலேயே ஆயிரக்கணக்கான எச்சரிக்கைச் சீட்டுகள் எழுதப்பட்டன. எச்சரிக்கை போதாதென்று 300 வெள்ளி அபராதம் வந்தது, இரண்டாம் முறை பிடிபட்டால் 1,000. நீதிமன்றம் வரை போனால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. வீட்டில் தங்கும் உத்தரவை மீறிப் பாக் குத் தே சாப்பிடப் போனவருக்கு ஆறு வாரச் சிறை கிடைத்தது. ராபர்ட்சன் கீயில் பீர் குப்பியும் கையுமாகக் கூடி நின்ற வெளிநாட்டவர்களுக்கு ஆயிரக்கணக்கில் அபராதம், சிலருக்கு வேலை அனுமதியே பறிபோனது.

இதையெல்லாம் பார்த்து நாம் திருந்தினோமா? சாமர்த்தியசாலி ஆனோம்.

சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் முகக்கவசத்தைக் கழற்றலாம் என்பது விதி. அதனால் ஒரு கோப்பிப் பொட்டலத்தை வாங்கி, உறிஞ்சுகுழாயை வாயருகே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அரட்டை அடித்தவர்களை மார்சிலிங் பக்கம் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்! கடினமான உடற்பயிற்சியின்போது கவசம் தேவையில்லை என்றார்கள். அதுவரை மின்தூக்கிக்கே மூச்சு வாங்கியவர்கள் திடீரென்று மெதுவோட்டக்காரர்களாகிவிட்டார்கள். ஒரு மேசைக்கு ஐந்து பேர் என்றபோது பத்துப் பேர் இரண்டு மேசையில் அடுத்தடுத்து உட்கார்ந்து, நடுவில் பரோட்டாத் தட்டை மட்டும் கைமாற்றிக்கொண்டார்கள். விதிகளைக் கண்காணிக்க வந்த பாதுகாப்பு இடைவெளித் தூதர் தூரத்தில் தெரிந்தால் தாடையிலிருந்த துணி மூக்குக்கு ஏறும். அவர் திரும்பி நடந்ததும் மறுபடி தாடைக்கு இறங்கும்.

வீட்டுக்குள் கதை இன்னும் சுவாரசியம். சர்க்கியூட் பிரேக்கரில் தனித்தனி வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகக் கூடாது. ஜூன் 2-க்குப் பிறகுதான் பெற்றோரையோ தாத்தா பாட்டியையோ பார்க்க நாளைக்கு ஒரு முறை, இரண்டு பேர் மட்டும் போகலாம் என்று தளர்த்தினார்கள். "அத்தை வீட்டுக்கு வர்றதுக்கு எந்த ஆபீசர்டா கேக்கப்போறாரு, பக்கத்து புளோக்தானே?" என்ற குரல் எந்தக் குடும்பத்தில் கேட்கவில்லை? அத்தைக்கு எழுபது வயது, சர்க்கரை நோய் வேறு. அவரைப் பார்க்கப் போனவர்கள் பயந்தது ஆபீசருக்கு. மூச்சுத்திணறிக் கூ டெக் புவாட் மருத்துவமனையில் படுக்கவேண்டியது அத்தை என்பது கணக்கிலேயே வரவில்லை.

கண்காணிப்பவர் இருக்கும்வரை மட்டும் நிற்கும் ஒழுக்கம், அவர் போன மறுநாளே போய்விடும். அப்படியே போயும் விட்டது. 2022 மார்ச் 29-இல் வெளிப்புறத்தில் முகக்கவசம் கட்டாயமில்லை என்றார்கள். ஆகஸ்ட் 29-இல் பெரும்பாலான உட்புறங்களிலும் போனது. 2023 பிப்ரவரி 13-இல் ரயில், பேருந்திலும் போனது. கட்டாயம் போனதைத் தேவையே போனதாக நாம் எடுத்துக்கொண்டோம். காய்ச்சலோடு அலுவலகம் வருபவரை 'பொறுப்பானவர்' என்று பாராட்டும் பழைய வழக்கம், ஒரு நாளும் விடுப்பில் போகாததுபோல் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டது.

பழியெல்லாம் மக்கள் தலையில் மட்டும் போட எனக்கு மனமில்லை. 2020 பிப்ரவரியில் வீட்டுக்கு நான்கு முகக்கவசம் கொடுத்து, உடம்பு சரியில்லாதவர் மட்டும் போட்டால் போதும் என்றார்கள். ஏப்ரல் 14-இல் எல்லாருக்கும் கட்டாயமானது. 2021-இல் கூடும் எண்ணிக்கை எட்டு, ஐந்து, இரண்டு, மறுபடி ஐந்து, மறுபடி இரண்டு என்று மாறிக்கொண்டே இருந்தது. இன்றைக்கு எத்தனை பேர் என்று கடைக்காரரையே கேட்டுத்தான் உட்காரவேண்டியிருந்தது. டிரேஸ்டுகெதர் செயலி சேகரிக்கும் தகவல், நோய்த்தொடர்புகளைக் கண்டறிய மட்டுமே என்று சொல்லிவிட்டு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறையும் கேட்டுப் பெறலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் சொன்னபோது பலருக்கு வயிறு எரிந்தது. பிப்ரவரியிலேயே சட்டம் கொண்டுவந்து, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று அதைச் சுருக்கினார்கள். இந்த விஷயத்திலும் முகக்கவச விஷயத்திலும் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாம் என்று 2023-இல் வந்த அரசாங்க வெள்ளை அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. விதி போடுகிறவர் வாக்கு மாறினால் கேட்கிறவர் காது கொடுக்க மாட்டார்.

முன்கூட்டிச் சொல்லி, மாற்று வழியும் காட்டினால் நம் மக்கள் கேட்பார்கள் என்பதற்குச் சான்றும் உண்டு. 2021 ஜனவரி 28 தைப்பூசத்தில் பெருமாள் கோயிலிலிருந்து தேங் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பாதயாத்திரை இல்லை, காவடியும் இல்லை. முன்பதிவு செய்து நேரம் வாங்கி, கோயிலிலேயே தயாராக இருந்த பால்குடத்தைச் செலுத்தித் திரும்பினார்கள். பல வருட நேர்த்திக்கடன் இருந்தவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். காவடி திரும்பி வந்தது 2023-இல்தான்.

இப்போது நம்மவர்கள் பேசத் தயங்கும் இடத்துக்கு வருகிறேன். விதியை மிகக் கடுமையாகக் கடைப்பிடித்தவர்கள் யார்? உட்லண்ட்ஸிலும் பொங்கோலிலும் துவாஸிலும் தங்கும் விடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள். அவர்களுக்கு வேறு வழியே கொடுக்கப்படவில்லை. 2020 ஏப்ரல் 5-இல் பொங்கோல் எஸ்11, வெஸ்ட்லைட் தோ குவான் ஆகிய இரண்டு விடுதிகளையும் தனிமைப்படுத்தி, சுமார் 20,000 பேரை உள்ளேயே வைத்தார்கள். அந்த மாத முடிவுக்குள் எல்லா விடுதிகளிலும் நடமாட்டம் நின்றது. பத்துப் பதினைந்து பேர் இருக்கும் அறை, அடுக்குக் கட்டில், பொதுக் கழிப்பறை. அங்கே போய் ஒரு மீட்டர் இடைவெளி விடு என்றால் எங்கே விடுவது?

அன்றாடக் கணக்கை அப்போது எப்படி வாசித்தோம் என்று நினைவிருக்கிறதா? 'சமூகத்தில்' இத்தனை, 'விடுதிகளில்' இத்தனை என்று இரண்டு வரி வரும். ஏப்ரல் 20-ஆம் தேதி மொத்தம் 1,426 பேர். அதில் சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் 16 பேர் மட்டும். "நம்ம கணக்கு பதினாறுதான், பரவாயில்லை" என்று பெருமூச்சு விட்டவர்களில் தமிழர்களும் உண்டு. அடுத்த வரியில் இருந்தவர்களிலும் தமிழர்கள் இருந்தார்கள். புதுக்கோட்டைக்காரரும் சிவகங்கைக்காரரும் நம் கணக்கில் வராமல் போனார்கள். அந்த வருட முடிவில் பரிசோதனைகளைக் கூட்டிப் பார்த்தபோது விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குக் கிருமி தொற்றியிருந்தது தெரிந்தது.

2021 ஏப்ரலில் வெஸ்ட்லைட் உட்லண்ட்ஸ் விடுதியில், ஏற்கெனவே குணமடைந்த ஊழியர்களிடமே கிருமி மறுபடி தென்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தனிமைப்படுத்தும் இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்த வருட செப்டம்பரில் சோதனை முயற்சியாக வாரத்துக்கு 500 பேர், ஆறு மணி நேரம், பேருந்தில் லிட்டில் இந்தியாவுக்கோ கேலாங் சிராய்க்கோ போய்வர அனுமதி கிடைத்தது. நாமெல்லாம் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு உலாவத் தொடங்கிய பிறகும், 2022 ஜூன் வரை அவர்கள் விடுதியை விட்டு வெளியே வரவே அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. அதற்குப் பின்னும் ஞாயிற்றுக்கிழமையில் லிட்டில் இந்தியா போன்ற சில இடங்களுக்குப் போகத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. உட்லண்ட்ஸிலிருந்து ரயிலேறி, நியூட்டனில் மாறினால் அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. அந்தத் தூரத்துக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அடுத்த முறை இவர்களைப் பார்த்து "ஒத்துழையுங்கள்" என்று யாராவது அறிவுரை சொன்னால், சொல்கிறவர் முதலில் அறைக்கு எத்தனை கட்டில் என்று எண்ணிவிட்டு வரட்டும்.

மற்றொரு ஆபத்து, விதியைக் கையில் எடுத்துக்கொள்பவர்கள். 'ஒன்சர்வீஸ்' செயலியில் புகார் செய்ய வழி இருந்தது. அது போதாதென்று அடுத்தவர் படத்தைப் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டவர்கள் ஏராளம். 2021 மே 7-இல் சுவா சூ காங்கில், முகக்கவசத்தை இறக்கிவிட்டு வேகநடை போய்க்கொண்டிருந்த 55 வயது இந்தியப் பெண்ணை ஒருவர் இனத்தைச் சொல்லித் திட்டி, நெஞ்சில் உதைத்தார். உதைத்தவருக்கு 2023-இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. டெல்டா கிருமியை 'இந்திய வகை' என்று வாய்கூசாமல் சொல்லிக்கொண்டிருந்த மாதம் அது. நோய்ப்பயம் வந்தால் கூடவே இனவெறுப்பும் கதவைத் தட்டும். நம் தோலுக்கு இது கூடுதல் உஷார் சமாசாரம். நாமும் சும்மா இல்லை. 'அந்த நாட்டுக்காரன் கொண்டுவந்தது' என்ற வாட்ஸ்அப் செய்தியை நாமும்தான் அனுப்பினோம்.

ஒரு சின்ன விலகல். முகக்கவசத்தையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த 2020-இல் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது, அதுவரை காணாத எண்ணிக்கை. வீட்டிலேயே அடைந்து கிடந்தோம், பூந்தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டவில்லை. தேசியச் சுற்றுப்புற வாரிய (என்இஏ) அதிகாரி கதவைத் தட்டினால்தான் தட்டு கவிழும். நோய் வேறு, புத்தி அதேதான்.

உட்லண்ட்ஸுக்கு இதில் தனிக் கவலை உண்டு. 2020 மார்ச் 18-இல் மலேசியா எல்லையை மூடியபோது, ஒருநாளைக்கு மூன்று லட்சம் பேர் கடந்த பாதை ஒரே இரவில் அடைபட்டது. வேலையை விட மனமில்லாமல் இந்தப் பக்கம் தங்கிவிட்ட மலேசியர்கள் சிலர் கிராஞ்சி எம்ஆர்டி அருகே வெட்டவெளியில் படுத்தார்கள். ஜோகூரையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் பாலம் முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல். அம்மா இறந்த செய்தியைக் கைப்பேசித் திரையில் பார்த்து அழுதவர்கள் இந்தப் பேட்டையிலேயே இருக்கிறார்கள். புதிதாக ஒரு கிருமி வந்தால் முதலில் தடுமாறப்போவதும் இந்தப் பாலம்தான்.

ஆகவே அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்காதீர்கள். காய்ச்சல் இருந்தால் வேலைக்குப் போகாதீர்கள், மருத்துவச் சான்று வாங்குங்கள். முதலாளியாக இருப்பவர்களே, அந்தச் சான்றைக் கொண்டுவரும் ஊழியரை முறைத்துப் பார்க்காதீர்கள், சம்பளத்தில் கைவைக்காதீர்கள். இருமல் இருந்தால் 950-இல் ஏறும்முன் ஒரு முகக்கவசம் போடுங்கள், இப்போது யாரும் சீட்டு எழுத மாட்டார்கள் என்றாலும். அறுபது தாண்டிய அப்பா அம்மாவின் கூடுதல் தடுப்பூசி எப்போது போட்டது என்று இன்றைக்கே கேளுங்கள். சளியோடு அவர்களைப் பார்க்கப் போகாதீர்கள், போனில் பேசுங்கள்.