144 படங்களில் கல்வராயன் இல்லை! - ஊர் ஊராகப் போய் வரைந்த ஓவியர்களும், நமக்கு மீதமிருக்கும் ஒரு மலையும்

கள்ளக்குறிச்சியிலிருந்து சுமார் 15 கி.மீ தூரத்தில் இருக்கிறது கச்சிராயபாளையம். கூட்டுறவு சர்க்கரை ஆலை, சுற்றிலும் கரும்பும் நெல்லும், பக்கத்திலேயே கோமுகி அணை. அணைக்கரையில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை அடுக்கடுக்காக எழுந்து நிற்கும். வெள்ளிமலைக்குப் போகிறவர்கள் இங்கே வண்டியை ஓரங்கட்டுவது வழக்கம். போனை எடுத்து, மலைக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு செல்ஃபி. அடுத்து ஸ்டேட்டஸ். அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிடும்.

அந்த மலையின் உச்சி எந்தப் பக்கம் சரிகிறது, எத்தனை மடிப்புகள் இருக்கின்றன, அதன் நிறம் பச்சையா நீலமா என்று வீட்டுக்கு வந்தபின் கேட்டால் நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

ஒரு நோட்டும் பென்சிலும் கையில் இருந்தால் கதை வேறு. மலைக்கு முகம் கொடுத்து அரை மணி நேரமாவது உட்கார வேண்டியிருக்கும். அப்படி உட்கார்ந்து பார்ப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டு தமிழகம் முழுக்கச் சுற்றியவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுச்சென்ற படங்கள்தான் இன்று பல ஊர்களின் பழைய முகத்தை நமக்குக் காட்டுகின்றன.

சித்தப்பாவும் அண்ணன் மகனும்

தாமஸ் டேனியல் 1749-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பா சத்திரம் நடத்தியவர். தாமஸ் முதலில் கற்றுக்கொண்டது குதிரை வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்து அலங்காரம் செய்யும் வேலை. பிறகுதான் இயற்கைக்காட்சி ஓவியத்துக்கு வந்தார். லண்டனில் போட்டி அதிகம், வாய்ப்பு குறைவு. 1785-ல் அண்ணன் மகன் வில்லியமைக் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். அப்போது வில்லியமுக்கு வயது 16-தான். சீனா வழியாக 1786-ல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள்.

கல்கத்தாவின் தெருக்களை 12 அச்சுப்படங்களாகப் போட்டு விற்றார்கள். அந்தக் கையோடு வட இந்தியப் பயணம் போய், இமயமலை அடிவாரம்வரை வரைந்தார்கள். திரும்பி வந்து, தீட்டிய ஓவியங்களைக் குலுக்கல் சீட்டு முறையில் விற்றார்கள். அந்தப் பணம்தான் தென்னிந்தியப் பயணத்துக்கு முதலீடு.

1792 ஏப்ரலில் மெட்ராஸிலிருந்து கிளம்பினார்கள். பெங்களூரு, ஓசூர், ராயக்கோட்டை என்று போய், பிறகு தெற்கே திருச்சி, மதுரை, பாபநாசம், குற்றாலம், கன்னியாகுமரிப் பக்கம்வரை சென்றார்கள். தஞ்சாவூரையும் பார்த்துவிட்டு மெட்ராஸ் திரும்பியபோது 1793-ன் தொடக்கம். ஏறக்குறைய 9 மாதப் பயணம். ரயில் இல்லை, ஒழுங்கான சாலை இல்லை, இடையில் முழு மழைக்காலம். பல்லக்குத் தூக்கியவர்கள், மூட்டை சுமந்தவர்கள், சமைத்தவர்கள் என்று ஒரு கூட்டமே கூட நடந்தது. படத்தின் கீழே டேனியல் பெயர் இருக்கிறது. வரைபலகையையும் கூடாரத்தையும் மலைமேல் ஏற்றிக் கொடுத்தவர்களின் பெயர்கள் அங்கே இல்லை.

கோட்டைகளையே ஏன் வரைந்தார்கள்?

டேனியல்கள் வரைந்த தமிழக மலைகளைப் பார்த்தால் ஒன்று கவனத்துக்கு வரும். ராயக்கோட்டை, வீரபத்ர துர்க்கம், ஜெகதேவி என்று பாராமகால் பகுதியின் மலைக்கோட்டைகள் வரிசையாக இருக்கின்றன. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தை ஒட்டிய பகுதி அது. இவற்றைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை.

1792 மார்ச்சில்தான் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தம் கையெழுத்தானது. பாராமகாலும் திண்டுக்கல்லும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. செய்தியில் படித்த கோட்டைகள் எப்படி இருக்கும் என்று பார்க்க லண்டனில் ஆர்வம் அதிகம். ஒப்பந்தம் முடிந்த அடுத்த மாதமே ஓவியர்கள் கிளம்பினார்கள். ராணுவம் போன வழியில் பின்னாலேயே தூரிகை போனது என்று சொல்லலாம். இந்தப் படங்களை ரசிக்கும்போது இதையும் மறக்காமல் இருப்பது நல்லது.

1794-ல் இங்கிலாந்து திரும்பியவர்கள், 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 1795 முதல் 1808 வரை 144 படங்களை வெளியிட்டார்கள். செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டிய படங்கள் அவை. பயணத்தில் போட்ட பென்சில் கோடுகளை வைத்துக்கொண்டு பல வருடங்கள் உழைத்திருக்கிறார்கள். திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைப் பெரிய கோயில், குற்றாலம், பாபநாசம் அருவி எல்லாம் அந்த வரிசையில் உண்டு.

பாபநாசம் படத்தில் தாமிரபரணி பாறையிலிருந்து கொட்டுகிறது. கீழே மனிதர்கள் எறும்பு அளவில் நிற்கிறார்கள். அருவி எவ்வளவு பெரியது என்று நமக்குச் சொல்வதற்குத்தான் அந்தச் சின்ன உருவங்கள். 1940-களில் அதே ஆற்றில் அணையும் நீர்மின் நிலையமும் வந்துவிட்டன. அதற்கு முந்தைய தாமிரபரணி எப்படி விழுந்தது என்று பார்க்க, 1792-ல் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்ததுதான் நமக்கு உதவுகிறது.

கேமரா வந்த பிறகும் தூரிகை ஓயவில்லை

டேனியல்கள் கண்ணை மட்டும் நம்பவில்லை. 'கேமரா அப்ஸ்க்யூரா' என்ற கருவியையும் பயன்படுத்தினார்கள். லென்ஸும் கண்ணாடியும் வைத்த இருட்டுப் பெட்டி அது. எதிரே இருக்கும் காட்சி பெட்டிக்குள் காகிதத்தின் மேல் விழும். அதன் மேலேயே கோடு போட்டால் கோபுரத்தின் உயரமும் மலையின் சரிவும் தப்பாது. படம் விழும், ஆனால் பதியாது. பதிய வைக்கும் ரசாயனம் வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

அப்படி வந்தபின் அதே ராயக்கோட்டைக்கு இன்னொருவர் வந்தார். கேப்டன் லின்னியஸ் டிரைப், மெட்ராஸ் அரசின் போட்டோகிராபர். 1857-58-ல் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு ராயக்கோட்டை, சேலம் மாவட்டப் பகுதிகள், திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அந்தக் கால நெகட்டிவில் வானம் சரியாக விழாது, வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ் மேலேயே மேகங்களைத் தீட்டினார். கேமரா பிடித்தவருக்கும் கடைசியில் தூரிகை தேவைப்பட்டிருக்கிறது.

அடுத்து வந்தவர் எட்வர்ட் லியர். குழந்தைகளுக்கான வேடிக்கைப் பாடல்களால் உலகம் அறிந்தவர். ஆனால், அவருக்குச் சோறு போட்டது இயற்கைக்காட்சி ஓவியம்தான். 1873-ல் இந்தியா வந்தபோது வயது 61. மறு ஆண்டு மெட்ராஸ், மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருச்சி, தஞ்சாவூர், நீலகிரி என்று சுற்றினார். வெயிலில் உட்கார்ந்து முழுப்படம் தீட்ட நேரம் இருக்காது. அதனால் பென்சிலில் வேகமாகக் கோடு போடுவார். எந்த இடத்தில் என்ன நிறம் என்று அந்தப் படத்தின் மேலேயே வார்த்தையில் குறித்துவிடுவார். தேதியையும் நேரத்தையும்கூட எழுதுவார். மையும் வண்ணமும் பிறகுதான். முதல்முறை வரையப் போகிறவர்களுக்கு இதைவிட எளிதான பாடம் கிடையாது.

பார்வை குறையக் குறைய வரைந்தவர்

நம் காலத்தில் இந்தப் பொறுமைக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும் என்றால், மனோகர் தேவதாஸ். 1936-ல் மதுரையில் பிறந்தவர். மதுரையின் கோபுரங்கள், தெருக்கள், யானைமலை, பிறகு சென்னையின் பழைய கட்டடங்கள் என்று கறுப்பு மையில் நுணுக்கமாக வரைந்தவர்.

அவருக்கு இருந்தது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். முதலில் இரவுப் பார்வை மங்கும். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கிச் சுருங்கி, ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஆகிவிடும். 1972-ல் நடந்த சாலை விபத்தில் அவருடைய மனைவி மஹிமாவின் உடல் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அவர் வரைந்தார். கணவர் வரைய, மனைவி குறிப்பு எழுத, அவை வாழ்த்து அட்டைகளாகி நல்ல காரியங்களுக்கு நிதி சேர்த்துக் கொடுத்தன. 2008-ல் மஹிமா மறைந்தார். 2020-ல் மனோகருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் அவரும் மறைந்தார்.

பாபநாசத்தில் மாறியது இடம். மனோகருக்கு மாறியது கண். இரண்டுமே நமக்காகக் காத்திருப்பதில்லை. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடும் ஒவ்வொருவருக்கும் இவருடைய வாழ்க்கை பதில் சொல்கிறது.

இப்போது கச்சிராயபாளையம்

'ஓரியண்டல் சீனரி'யின் 144 படங்களில் கல்வராயன் இல்லை. போர்ச் செய்தியில் அடிபட்ட கோட்டைகளும் பெரிய கோயில்களும் அவர்களை இழுத்தன. சுமார் 2,000 முதல் 3,000 அடி உயரத்தில், மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் இந்த மலை அந்த வரிசையில் சேரவில்லை. அந்த வேலை நமக்கு மீதமிருக்கிறது. ஓவியர் என்ற பட்டம் எல்லாம் வேண்டாம். பள்ளிப்பிள்ளைகளும் போகலாம், ரிட்டயர் ஆன தாத்தா பாட்டியும் போகலாம்.

எப்போது போகலாம்? மலை, ஊருக்கு மேற்கே இருப்பதால் காலைச் சூரியன் நேராக அதன் முகத்தில் விழும். மடிப்பு, பாறை, மரக்கூட்டம் எல்லாம் தெளிவாகத் தெரியும் நேரம் அது. மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது விவரங்கள் மறைந்து, வெறும் கறுத்த உருவமாக நிற்கும். கோடு போட்டுப் பழக காலை நல்லது; ஒரே நிறத்தில் தீட்டிப் பார்க்க மாலை நல்லது.

என்ன எடுத்துப் போகலாம்? ஒரு சின்ன டிராயிங் நோட்டு, ஒரு பென்சில், பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கும் வாட்டர் கலர் கேக் டப்பா, ஒரு பிரஷ், தண்ணீர் பாட்டில், பழைய காட்டன் துணி. காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஒரு கிளிப். தலைக்குத் தொப்பி.

எப்படி ஆரம்பிக்கலாம்? உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போன்தான் இன்றைய கேமரா அப்ஸ்க்யூரா. கேமராவில் கட்டம் காட்டும் வசதியை ஆன் செய்யுங்கள். திரை 9 கட்டங்களாகப் பிரியும். நோட்டிலும் லேசாக 9 கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மலையின் மேல்கோடு எந்தக் கட்டத்தில் ஏறுகிறது, எதில் இறங்குகிறது என்று பார்த்துக் கோடு போடுங்கள். அது முடிந்ததும் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். மீதிக்கு உங்கள் கண் போதும்.

நிறத்துக்கு ஒரு ரகசியம். கிட்டே இருக்கும் கரும்பு வயல் அடர் பச்சை. அடுத்த மலை கொஞ்சம் நீலம் கலந்த பச்சை. அதற்குப் பின்னால் இருப்பது வெளிர் நீலம். நமக்கும் மலைக்கும் நடுவே காற்று அதிகமாக இருக்க இருக்க நிறம் வெளுத்து நீலமாகும். அதனால் தூரத்து மலைக்குத் தண்ணீர் அதிகம், கலர் குறைவு. கிட்டே வர வரக் கலரைக் கூட்டுங்கள். நேரம் இல்லையா? லியர் செய்ததுபோல 'இங்கே வெளிர் நீலம்', 'இங்கே செம்மண்' என்று எழுதி வைத்துக்கொண்டு வீட்டில் தீட்டுங்கள்.

கொஞ்சம் எச்சரிக்கையும் வேண்டும். மேகம், பெரியார், கவியம் என்று மலைமேல் அருவிகள் உண்டு. மழைக்காலத்தில் நீர்வரத்து திடீரென்று கூடும். வனத்துறை தடை போட்டிருந்தால் போகாதீர்கள். பாறையில் தனியாக உட்கார வேண்டாம். அணையில் தண்ணீருக்கு அருகே பிள்ளைகளை விடாதீர்கள். மலைக்கிராமத்தில் ஒருவர் வீட்டையோ முகத்தையோ வரைவதாக இருந்தால், முதலில் கேளுங்கள். முடித்ததும் அவரிடம் காட்டுங்கள், பெயர் சொன்னால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டேனியல்கள் செய்யாமல் விட்டது அது.

முதல் படம் கோணலாகத்தான் வரும், பரவாயில்லை. கீழே ஊர்ப் பெயர், தேதி, நேரம் மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. புதிதாக ஒரு ரோடு, ஒரு டவர், ஒரு கட்டடம் என்று இந்தக் காட்சியும் மாறும். உங்கள் பேரப்பிள்ளை ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டி, 'அணைக்கரையில் அப்போ இந்த மரம் இருந்துச்சா?' என்று கேட்கலாம். இருந்தது என்று சொல்ல, அதை உட்கார்ந்து பார்த்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.