அகாதீர்க் கடற்கரையில் அடுப்புள்ள விடுதி

மொராக்கோ தேசத்துத் தாஞ்ஜியர் நகரில் 1304-ம் ஆண்டிற் பிறந்த இப்னு பதூதா என்னும் யாத்திரிகர், பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மதுரைமாநகரில் சிலகாலம் தங்கினார். அக்காலை அந்நகரிற் கொடிய காய்ச்சல் பரவியிருந்தது. அவரும் அதனாற் பீடிக்கப்பட்டார். அங்கு மிகுதியாய்க் கிடைத்த புளியை நீரிற் கரைத்துப் பருகியதாகவும், மூன்று நாள் வயிறு கழிந்து நோய் நீங்கியதாகவும் அவர் தம் யாத்திரை நூலிற் கூறியுள்ளார். அயல்நாட்டிற் சென்று தங்குவோன் நலம் பெரும்பாலும் அவ்வூர்ச் சந்தையையும் தான் தங்கும் வீட்டையும் பொறுத்தது என்பதை இச்சிறு நிகழ்ச்சி நன்கு விளக்கும்.

அவர் பிறந்த நாட்டில் யாம் ஒரு வாரம் தங்க நேர்ந்தது. இக்கலாசாலையின் பழைய மாணவராகிய யாம் மூவர், ஐரோப்பாவில் வெவ்வேறு ஊர்களில் தொழில்புரிபவர். சனவரி விடுமுறையில் ஒருங்கு கூட எண்ணினோம். ஐரோப்பாவில் அம்மாதம் கடுங்குளிர் ஆதலின், பகலில் வெயிலும் செலவில் எளிமையும் உடைய ஓரிடம் தேடி, அட்லாண்டிக் மாகடலின் கரையிலுள்ள அகாதீர் நகரைத் தெரிந்துகொண்டோம். எம்முள் ஒருவர் நீரிழிவு நோயினர். காலந் தவறாது, அளவறிந்து உண்ண வேண்டியவர். எனவே உணவு விடுதியை நம்பாது, நாமே சமைத்துண்ணுதற்குரிய அடுக்களையோடு கூடிய மலிவான வீடொன்றை அமர்த்தினோம். இத்தகைய வீட்டில் தங்குவது எப்படி, அதனால் வரும் நன்மை யாது, தீமை யாது என்பனவற்றை எம் அநுபவங் கொண்டு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

முதலில் ஊரின் இயல்பை அறிதல் வேண்டும். மொராக்கோவின் பழம்பதிகளில் மதிலும் குறுகிய சந்துகளும் நெருங்கிய பழைய வீடுகளும் நிறைந்திருக்கும். அகாதீரில் அவற்றைக் காண்டல் அரிது. காரணம் துயரமானது. 1960-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 29-ம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன், சில விநாடிகளே நீடித்த நில அதிர்ச்சியால் அந்நகரம் இடிந்து வீழ்ந்தது. அதிர்ச்சி அத்துணைப் பெரிதன்று. ஆயினும் அது நகரின் அடியிலேயே, ஆழமின்றி எழுந்ததாலும், கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகள் அதனைத் தாங்க மாட்டாமையாலும், பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னர்ச் சற்றே தெற்கில் புது நகர் அமைத்தனர். அகன்ற தெருக்களும், அதிக உயரமில்லாத வெண்ணிறக் கட்டடங்களும், அதிர்ச்சியைத் தாங்குதற்கென வகுத்த விதிகளும் அதனால் வந்தவை. அழிந்த பகுதிகளுள் ஒன்றாகிய தால்போர்ஜ்த் என்பதன் பெயரையே புதுநகரின் ஒரு பேட்டைக்கும் இட்டனர். எமது வீடு அப்பேட்டையில் மூன்றாம் மாடியில் இருந்தது.

வாடகைக்கு விடப்படும் இத்தகைய வீட்டில் பொதுவாக ஒரு கூடமும், ஒரு படுக்கையறையும், சிறிய அடுக்களையும், குளியலறையும் இருக்கும். கூடத்தின் மூன்று சுவர்களையும் ஒட்டி நீண்ட மெத்தையாசனங்கள் இடப்பட்டிருக்கும். பகலில் அமர்வதும் இரவில் படுப்பதும் அவற்றின்மீதே. அடுக்களையில் இரண்டு கண் உடைய வாயு அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, சில பாத்திரங்கள், தேநீர்க் கெண்டி, கூம்பு வடிவ மூடியுடைய 'தஜீன்' என்னும் மண்சட்டி ஆகியவை காணப்படும். இச்சட்டியின் அமைப்பு வியக்கத்தக்கது. வேகும் உணவினின்று எழும் ஆவி, மூடியின் உட்புறத்தில் குளிர்ந்து நீராகி மீண்டும் சட்டியிலேயே வடியும். ஆதலின் சிறிதளவு நீரும் மெல்லிய தீயும் போதும். வந்தவர்களின் கடவுச்சீட்டு விவரங்களைப் பதிந்துகொள்வது அந்நாட்டு வழக்கம். அதனைக் குறித்து ஐயுற வேண்டுவதில்லை.

விளம்பரத்தில் 'கடற்கரைக்கு ஐந்து நிமிடம்' என்றிருந்தது. யாம் நடந்து பார்த்தபோது இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. திரும்பும்போது மேட்டில் ஏறவேண்டியிருந்தமையால் இன்னும் சற்று மிகுந்தது. வீட்டுக்காரரை வினவியதற்கு, ஐந்து நிமிடம் என்றது மோட்டார் வண்டிக்கு என்று அமைதியாக விடை பகர்ந்தார். அவர் கூறியது பொய்யன்று. யாம் கேளாததே பிழை. ஆகவே பணம் அனுப்புமுன் கேட்டறிய வேண்டியவை சில உள. நடைதூரம் எவ்வளவு? எத்தனையாவது மாடி? மின்தூக்கி உண்டா? மின்சாரமும் அடுப்பு வாயுவும் வாடகையில் அடங்குமா? துப்புரவுக் கூலியும், ஆளுக்கும் இரவுக்கும் கணக்கிடப்படும் பிரயாணிகள் வரியும் தனியா? முன்பணம் எப்போது திரும்பும்? இவ்வினாக்களுக்கு எழுத்தில் விடை பெற்றுக்கொள்வது நலம். வாடகை ஒன்றனையே நோக்கி மலிவு என மகிழ்வோன், இச்சிறு செலவுகளைக் கூட்டிப் பார்க்கையில் வியப்படைவான். ஓரிரவு தனியே தங்குவோனுக்கு இவ்வகை வீடு ஆதாயமன்று. மூவர் நால்வர் சேர்ந்து ஒரு வாரம் தங்கின் மிச்சம் தெளிவாகப் புலப்படும்.

இனிச் சந்தையைப் பற்றிக் கூறுவோம். 'ஸூக் எல் ஹத்' என்பது அந்நகரின் பெருஞ்சந்தை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்பது அதன் பொருளாயினும், திங்கட்கிழமை ஒழிந்த ஏனைய நாட்களில் அது திறந்திருக்கும். மதில் சூழ்ந்த அவ்விடத்தில் ஆயிரக்கணக்கான கடைகள் உள. தக்காளி, கத்தரிக்காய், கொண்டைக்கடலை, சீரகம், மஞ்சள், இஞ்சி, பச்சைக் கொத்தமல்லி யாவும் குவிந்து கிடக்கக் கண்டு, நம் ஊர்ச் சந்தைக்கே வந்துவிட்டோமோ என மயங்கினோம். ஒரு மூதாட்டி தக்காளிக்கு 'நூறு' என்றனள், திடுக்கிட்டோம். நாணயம் திர்ஹம் ஆயினும், முதியோரும் சிறு வணிகரும் பலர் ரியால் என்னும் பழங்கணக்கிலேயே பேசுகின்றனர். இருபது ரியால் ஒரு திர்ஹம். நூறு என்பது ஐந்து திர்ஹமே எனத் தெளிந்தபின் அச்சம் நீங்கிற்று.

அகாதீர் பெரிய மீன்பிடி துறைமுகம். நாம் மத்தி என்றும் சாளை என்றும் வழங்கும் மீன் அங்கு ஏராளம். ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கிச் செல்லும் குளிர்ந்த நீரோட்டமும், காற்றினால் ஆழத்தினின்று மேலெழும் நீரும் மீன்களுக்கு வேண்டிய இரையைப் பெருக்குகின்றன. கோடையிலும் அவ்வூரில் வெம்மை தணிந்திருப்பதும், கடல்நீர் நம்மவர் நினைப்பதினும் குளிர்ந்திருப்பதும் அதனாலேயே. யாம் மத்தி வாங்கிக் குழம்பு வைத்தோம். புளிக்கு மாறாகத் தக்காளியும், அந்நாட்டார் உப்பிலிட்டு வைக்கும் எலுமிச்சையும் உதவின. எம் நண்பர் குறித்த வேளையில், குறித்த அளவில், சர்க்கரை சேராத உணவை உண்டார். அங்குக் கடைகளில் தரும் புதினாத் தேநீர் பாகுபோல் இனிப்பது. அதனை எம் அடுக்களையில் அவர் விருப்பப்படி இட்டுக் கொடுத்தோம். நோயாளிக்கும் சைவ உணவினர்க்கும், கடைகள் பகலில் மூடியிருக்கும் ரமலான் மாதத்தில் அங்குச் செல்வோர்க்கும், சொந்த அடுப்பு எத்துணை உதவி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

இதுகாறும் கூறியன நன்மைகள். இனிக் கூறப்புகுவது எம்மைப் பெரிதும் கலக்கிய ஒன்று.

சனவரியில் அகாதீரின் பகல் இனிது, இரவோ குளிர்ந்தது. மலிவான வீடுகளில் அறையைச் சூடாக்கும் சாதனம் பெரும்பாலும் இராது. கல்லும் சிமெண்டும் இரவில் குளிர்ந்து, உள்ளிருப்போரை நடுக்கும். ஆதலின் சாளரத்தை இறுக மூடினோம். குளியலறையில் நீரைச் சுடவைக்கும் கருவி, அடுப்புக்குரிய அதே பியூட்டேன் வாயுவால் எரிவது. நான்காம் நாட்காலை எம் நண்பர் நெடுநேரம் வெந்நீரில் நீராடி வந்து, தலைவலி என்றார்; கால்கள் தளர்கின்றன என்றார்; பின்னர்க் குமட்டலுற்றுச் சாய்ந்தார். அவர் நீரிழிவு நோயினர் ஆதலின், உடலிற் சர்க்கரை குறைந்துவிட்டது போலும் என எண்ணி, சர்க்கரை நீரைப் புகட்டினோம். குணம் காணவில்லை. சிறிது நேரத்தில் எம்முள் இன்னொருவருக்கும் தலைவலி தொடங்கிற்று. பிரயாணக் களைப்பு என்று அதனைப் பொருட்படுத்தாது விட்டோம்.

அவ்வமயத்தில் அக்கட்டடத்துக் காவலராகிய முதியவர், யாம் முன்னாள் கேட்டிருந்த வாயுக் கலத்தைச் சுமந்து வந்தார். சாய்ந்திருந்தவரையும் தலையைப் பிடித்திருந்தவரையும் மாறி மாறி நோக்கினார். யாதும் வினவாமல் ஓடிச் சென்று சாளரங்களைத் திறந்தார், வாயுவை அடைத்தார், நண்பரைத் தூக்கி மாடிப்படியின் வெளிக்காற்றில் அமர்த்தினார். பிறகு எம்மைக் குளியலறைக்கு அழைத்துச் சென்று, சுவரின் மேற்புறத்துக் காற்றுத் துளையைக் காட்டினார். முன் தங்கியிருந்த எவரோ, குளிர் புகாதபடி பழந்துணியை அதில் திணித்து வைத்திருந்தனர். மருத்துவ சாலையில் நண்பருக்குப் பிராணவாயு அளித்தனர். மாலையில் அவர் நலமுற்று மீண்டார்.

நடந்தது யாதெனின், எரிபொருள் நன்கு எரிதற்குப் போதிய காற்று வேண்டும். காற்றுக் குறையின் அரைகுறையாக எரிந்து, கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. அடுப்பு வாயுவிற்கு மணமூட்டியிருப்பதால் அது கசிந்தால் அறியலாம். இதனையோ மூக்கால் அறிதல் இயலாது. நம் உதிரத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளோடு, இது பிராணவாயுவினும் இருநூறு மடங்கிற்கு மேற்பட்ட பற்றுடன் சேர்ந்துகொள்ளும். எனவே நெஞ்சு மூச்சுவிட்டுக் கொண்டிருக்க, உடலோ பிராணவாயுவின்றி வாடும். தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி, உறக்கம் என்பன முறையே தோன்றும். உறக்கம் வந்தபின் தப்புவது அரிது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அந்நாட்டுக் குடும்பங்களே இவ்வாறு மாய்வதுண்டு.

ஆகவே வாயுவால் நீர் சுடவைக்கும் வீட்டிற்குட் புகுவோர், பெட்டியை அவிழ்க்குமுன் சில காரியங்களைச் செய்தல் வேண்டும். காற்றுத் துளைகள் திறந்துள்ளனவா என்று பார்க்க. கருவியின் புகைக்குழாய் வெளியே செல்கின்றதா என்று பார்க்க. சுடர் நீலமாய் இருக்கவேண்டும். மஞ்சளாயின் நீராடாது காவலரை அழைக்க. இந்நச்சுவாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவி உள்ளங்கை அளவினது. அதனை உடன் கொண்டு செல்க. ஒரே வீட்டில் இருவர்க்கு ஒரே வேளையில் தலை நோகுமாயின், நோயை ஆராயாது முதலில் வெளியே செல்க. இறுதியிற் கூறிய இதனை அறிந்திருந்தோமாயின், சர்க்கரை நீரைக் கலக்கி அருமையான நேரத்தை வீணாக்கியிரோம்.

எஞ்சிய நாட்களில் யாம் அவ்வீட்டில் வாழ்ந்த முறை மாறிற்று. அதுவரை யாம் வாடகை கொடுத்த விருந்தினர். அதன்பின் அக்கட்டடத்தின் குடிகளுள் ஒருவரானோம். மழை பல ஆண்டுகளாய்ப் பொய்த்த பகுதி அது. 2022-ம் ஆண்டு முதல் கடல்நீரை நன்னீராக்கும் பெரிய ஆலை அப்பகுதிக்கு நீர் தருகின்றது என்பதை அறிந்து, நீரைச் சிக்கனமாய்ச் செலவிட்டோம். ரொட்டியை அந்நாட்டார் குப்பையில் எறியார் என்று கண்டு, மிஞ்சியதைத் தனியே வைத்தோம். வெள்ளிக்கிழமையன்று காவலர் வீட்டினின்று, கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்துக் காய்கறியோடு சமைத்த கூஸ்கூஸ் வந்தது; யாம் அனுப்பிய மீன்குழம்பு காரத்தால் அவரைக் கண்ணீர் விடச் செய்தது என்று பின்னர்க் கேள்வியுற்றோம்.

தாமே சமைத்துண்ணும் வீட்டை மலிவாகக் கொடுப்பதன் காரணம் யாது? சமையற்காரன், பணியாள், மேற்பார்வையாளன் ஆகியோர் செய்யும் வேலையை விருந்தினனே ஏற்றுக்கொள்கின்றான் என்பதே. சமையலையும் துடைப்பத்தையும் யாம் மகிழ்வுடன் ஏற்றோம். மேற்பார்வை என்பதை மறந்தோம். வாடகையிற் குறைந்த பணத்தைக் கவனத்தாற் செலுத்தவேண்டும் என்பதே யாம் கற்ற பாடம். அடுத்த விடுமுறையில் எந்நாட்டிலேனும் இத்தகைய வீட்டை அமர்த்த எண்ணும் மாணவ நண்பர்கள் இதனை மறவாதிருப்பாராக.

புறப்படும் நாளன்று எஞ்சிய அரிசியையும் மசாலாவையும் அடுக்களையிலேயே விட்டோம். எம்முள் பிரெஞ்சு அறிந்தவர் ஒரு தாளில் நான்கு வரி எழுதினார். அதன்கீழ் அவற்றையே அரபியில் எழுதித் தரும்படி காவலரின் பேத்தியை வேண்டினோம். 'இத்துளையை அடைக்காதீர்' என்று தொடங்கும் அத்தாளை, குளியலறைக் கதவில் ஒட்டிய பின்னரே கதவைப் பூட்டிச் சாவியை அவர் கையிற் கொடுத்தோம்.