டாப் மாடலும் இருபதாயிரம் வெள்ளிக் கோடும்

இன்னொரு தே சொல்லிவிடுங்கள், இந்தக் கணக்கு ஒரு குவளையில் முடியாது. லெங் கீ சாலையில் கார் காட்சிக்கூடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு தேக்காவில் வந்து உட்காருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். சின்ன கார்தான் வாங்கப் போகிறோம். அதில் டாப் மாடலையே எடுத்துவிடலாமா?

விற்பனையாளர் ஏற்கெனவே ஒரு பதில் சொல்லி அனுப்பியிருப்பார். "சார், சிஓஇக்கே லட்சம் வெள்ளி போகுது. இன்னும் பத்தாயிரம் போட்டா சன்ரூஃப், லெதர் சீட், பெரிய வீல் எல்லாம் வந்துடும்." ஆனை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா என்கிற வாதம். சென்னையில் இது ஓரளவு செல்லும். சிங்கப்பூரில் அங்குசத்துக்கும் தனியாக வரி போடுகிறார்கள், அதுவும் படிப்படியாக ஏறும் வரி.

சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழ் 1990இல் வந்தது. மாதம் இருமுறை ஏலம், பத்தாண்டு உரிமை. 2023 அக்டோபர் இரண்டாவது ஏலத்தில் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவு 106,000 வெள்ளிக்குப் போனது. ஒரே பிரிவுக்குள் இருக்கும்வரை சாதா மாடலுக்கும் டாப் மாடலுக்கும் இந்தத் தொகை ஒன்றுதான். அதனால்தான் டாப் மாடலுக்கான கூடுதல் விலை மொத்தத்தோடு ஒப்பிடும்போது அற்பமாகத் தெரிகிறது. அற்பமாகத் தெரிவது சிஓஇயின் உபயம். அந்தப் பத்தாயிரம் சேமிப்புக் கணக்கிலிருந்து முழுப் பத்தாயிரமாகத்தான் வெளியே போகும்.

இப்போது வரி. கார் கப்பலில் வந்து இறங்கியதும் சுங்கத்துறை அதற்கு ஒரு மதிப்புப் போடுகிறது. ஓஎம்வி என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அதன்மேல் 20 விழுக்காடு கலால் வரி. இரண்டையும் கூட்டி அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. பிறகு ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணம்: ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அதற்கு மேல் 190, 250, 320 என்று 2023 பிப்ரவரி முதல் ஐந்து படிகள்.

சாதா மாடலின் ஓஎம்வி 19,000, டாப் மாடலுடையது 22,000 என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சாலை வாசலில் வித்தியாசம் 3,000 வெள்ளிதான். கலால் வரி 600 சேர்கிறது. பொருள் சேவை வரி 324. ஏஆர்எஃப் சாதாவுக்கு 19,000, டாப்புக்கு 22,800. அதில் 3,800 கூடுகிறது. ஆக 3,000 வெள்ளிச் சாமான் 7,724 ஆகிவிட்டது. முகவரின் லாபம் சேர்ந்தால் பத்தாயிரத்தைத் தொடுவதில் வியப்பில்லை. அந்த லெதர் சீட்டில் பாதிக்கு மேல் நீங்கள் உட்காரப் போவதே இல்லை. அது அரசாங்கத்தின் பங்கு.

இதைவிடப் பெரிய விஷயம் கடனில் இருக்கிறது. காட்சிக்கூடத்தில் யாரும் இதை முதலில் சொல்வதில்லை. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி ஓஎம்வி 20,000 வெள்ளிக்குள் இருந்தால் வாங்கும் விலையில் 70 விழுக்காடு வரை கடன் எடுக்கலாம். அதைத் தாண்டினால் 60 விழுக்காடுதான். இரண்டுக்கும் அதிகபட்சம் ஏழாண்டு. சாதா மாடலின் விலை 170,000 என்றால் கையிலிருந்து 51,000 வேண்டும். டாப் மாடல் 180,000 என்றால் 72,000. விலைப்பட்டியலில் பத்தாயிரம் வித்தியாசம், முன்பணத்தில் இருபத்தோராயிரம் வித்தியாசம்! கடன் குறைந்தால் வட்டியும் குறையும், அது நல்லதுதான். ஆனால் பிள்ளையின் படிப்புக்கோ வீட்டுப் புதுப்பிப்புக்கோ எடுத்து வைத்த பணத்தை இதில் இறக்குவதாக இருந்தால், முதலில் இந்த 20,000 வெள்ளிக் கோட்டைப் பார்த்துவிட்டு சன்ரூஃபைப் பாருங்கள்.

விற்கும்போது திரும்பி வருமா? ‘பேப்பர் வேல்யூ’ என்று நம்மூரில் பேசுகிறோமே, அது பார்ஃப் கழிவும் மிச்சமுள்ள சிஓஇயும் சேர்ந்தது. பார்ஃப் என்பது கட்டிய ஏஆர்எஃப்பில் ஒரு பங்கு. அந்தப் பங்கை அரசாங்கம் இறுக்கக்கூடியது; 2023இல் அதற்கு 60,000 வெள்ளி உச்சவரம்பு வைத்தார்கள். ஆகவே டாப் மாடலில் ஏஆர்எஃப்பாகக் கட்டிய பகுதியில் கொஞ்சம் திரும்பலாம். கலால் வரியும் பொருள் சேவை வரியும் முகவர் லாபமும் போனது போனதுதான். பழைய கார் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "டெப்ரி எவ்வளவு?" என்றுதான். வருடத்துக்கு எவ்வளவு தேய்கிறது என்று பார்த்த பிறகுதான் அவர் கண் சீட்டுக்குப் போகும்.

அதனால் பத்தாயிரத்தைப் பத்தாண்டால் வகுத்துவிடுங்கள். வருடம் ஆயிரம், மாதம் எண்பது வெள்ளிச் சொச்சம். இந்த எண்பது வெள்ளிக்கு அந்த வசதிகளை மாத வாடகைக்குக் கொடுத்தால் எடுப்பீர்களா?

சுற்றிலும் காட்டும் கேமராவை நான் எடுப்பேன். டன்லப் தெருவிலோ அப்பர் டிக்சன் சாலையிலோ ஞாயிறு மாலை ஓட்டிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். இந்தப் பக்கம் லாரி, அந்தப் பக்கம் ஐந்தடி, நடுவில் சாலையைக் கடக்கும் கூட்டம். வீவக பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் வளைவுகளுக்கும் சுற்றுக் கேமரா உதவும். காற்று வீசும் சீட்டும் இந்த ஊருக்குப் பொருந்தும். சன்ரூஃப்? பூமத்தியரேகையிலிருந்து ஒன்றரை டிகிரி கூடத் தள்ளி இல்லாத ஊரில், திறந்தவெளியில் நிறுத்தும் காருக்கு, கூரையில் கண்ணாடி போட்டு அதற்கு ஒரு திரையும் போடுகிறார்கள். பெரிய வீல் பார்க்க அழகு. டயர் மாற்றும்போது விலை கூடும், மேடுபள்ளத்தில் அதிர்வு கூடும், நடைபாதை விளிம்பில் உரசினால் மனமும் சேர்ந்து உரசும்.

தானாக பிரேக் பிடிக்கும் வசதியும், பக்கவாட்டில் கண்ணுக்குப் படாத வண்டியைக் காட்டும் எச்சரிக்கையும் டாப் மாடலில் மட்டுமே இருந்தால் என் பதில் மாறிவிடும். அவற்றைப் பிறகு வெளியே வாங்கி ஒழுங்காகப் பொருத்த முடியாது. ஒலிபெருக்கி, சீட் உறை, டேஷ்போர்டு கேமரா, கண்ணாடிப் படலம் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தனியார் வாடகை கார் ஓட்டி நாளெல்லாம் உள்ளேயே உட்காருகிறவருக்கும் நல்ல சீட் ஆடம்பரமில்லை.

கடைசியாக ஒன்று. சில கார்களில் டாப் மாடல் என்பது கூடுதல் எஞ்சின் வலுவோடு வரும். ‘ஏ’ பிரிவுக்கு 1,600 சிசி, 97 கிலோவாட் வரம்பு 2014 முதல் இருக்கிறது. மின்கார்களுக்கு 2022 மே முதல் 110 கிலோவாட். இதற்காகவே வலுவைக் குறைத்து 100 கிலோவாட்டில் பிஒய்டி அட்டோ 3 இங்கே வந்தது. டெஸ்லா மாடல் 3இலும் 110 என்று ஒன்று வந்தது. வரம்பைத் தாண்டினால் ‘பி’ பிரிவு. மேலே சொன்ன அதே 2023 அக்டோபர் ஏலத்தில் அது 150,001 வெள்ளி. அப்போது சன்ரூஃபின் விலை பத்தாயிரம் இல்லை.

முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு மாடலுக்கும் ஓஎம்வி எவ்வளவு, எந்தப் பிரிவு என்று எழுதி வாங்குங்கள். விற்பனையாளர் சொல்வது உத்தேச ஓஎம்விதான். சுங்கத்துறை மதிப்பிடும்போது அது கொஞ்சம் ஏறும், இறங்கும். 19,700 என்று சொல்லப்பட்ட கார் 20,100 ஆக வந்து இறங்கினால் கடன் 60 விழுக்காடாகிவிடும். அப்படி நடந்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.