எந்தக் குடும்பத்துத் தவளை?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் கிடைத்த ஒரு தவளையைப் பற்றி ஆய்வாளர்கள் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தின் ஃபிராங்கி பொசைட்டும் 2003-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உப்பிய உடல், கருஊதா நிறம், குட்டைக் கால்கள், முன்னால் துருத்திய வெண்மையான மூக்கு. அறிவியலுக்குத் தெரிந்த எந்தத் தவளைக் குடும்பத்திலும் அது அடங்கவில்லை. அதனால் அதற்கென்றே நாசிகபட்ராகிடே என்று புதிய குடும்பம் வகுத்தார்கள். புதிய தவளைச் சிற்றினங்கள் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் உயிரோடு இருக்கும் ஒரு தவளைக்காகப் புதுக் குடும்பமே வகுப்பது மிக அபூர்வம்.

குடும்பம் என்பது வகைப்பாட்டின் கீழ்ப்படிகளில் ஒன்று. மேலிருந்து வந்தால், தவளை முதுகுநாணிகள் தொகுதியில் இருவாழ்விகள் வகுப்பைச் சேர்ந்தது. அந்த வகுப்பில் இன்று எஞ்சியிருப்பவை மூன்றே வரிசைகள். வாலுள்ள சாலமாண்டர்கள் ஒன்று. இந்தியாவில் அவற்றை டார்ஜிலிங் பக்கமும் வடகிழக்கு மாநிலங்களிலும்தான் பார்க்கலாம். காலே இல்லாத சிசிலியன்கள் மற்றொன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமண்ணில் இவை உண்டு. மூன்றாவது, வளர்ந்தபின் வாலில்லாத அனூரா. 7,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்களோடு இதுவே மிகப் பெரியது. தேரைகளும் இதற்குள்தான் வருகின்றன. மழைநாளில் வீட்டு வாசலுக்கு வரும் சொரசொரப்பான தேரை, புஃபோனிடே என்னும் குடும்பத்தின் உறுப்பினர், அவ்வளவே.

அனூராவை அடையாளம் காட்டுவது எலும்புக்கூடு. முதுகெலும்பு மிகக் குறுகியது. வால் எலும்புகள் ஒன்றிணைந்து ஒரே கோலாகிவிட்டன. கணுக்கால் எலும்புகள் நீண்டு, காலுக்குக் கூடுதலாக ஒரு மடிப்பைத் தருகின்றன. மடகாஸ்கரில் கிடைத்த டிரையடோபட்ராகஸ் என்னும் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுப் பழைமையான புதைபடிவத்தில் சிறிய வால் இன்னும் மிச்சமிருக்கிறது. தவளை எப்படித் தவளையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

வரிசை வரை சிக்கல் இல்லை. அதற்குக் கீழேதான் தடுமாற்றம். 1758-இல் லின்னேயஸ் தனக்குத் தெரிந்த தவளை, தேரை எல்லாவற்றையும் ரானா என்ற ஒரே பேரினத்தில் போட்டுவிட்டார். அந்தப் பெயரின் செல்வாக்கு நீண்ட காலம் நீடித்தது. நம் விலங்கியல் ஆய்வகங்களில் பல தலைமுறை மாணவர்கள் அறுத்துப் பார்த்த 'ரானா டைகிரினா' இன்று ஹோப்ளோபட்ராகஸ் டைகெரினஸ். 'ரானா ஹெக்ஸாடாக்டைலா' இன்று யூஃப்ளிக்டிஸ் பேரினத்தில். வாசல் தேரை புஃபோ பேரினத்திலிருந்து டத்தாஃபிரைனஸுக்கு மாறியது. 2006-இல் வைக்கப்பட்ட அந்தப் பெயர் இந்திய அறிஞர் சுசில் குமார் தத்தாவைக் குறிக்கிறது. இந்த மாற்றங்கள் மாணவர்களைச் சலிக்க வைக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் அவை தேவையானவை. ஏனென்றால், தவளையின் தோற்றம் ஏமாற்றும். விரல் நுனியில் ஒட்டும் வட்டுகளோடு மரமேறும் தவளைகள் அமெரிக்காவிலும் ஆசியாவிலும் உண்டு. பார்வைக்கு உடன்பிறப்புகள், வம்சாவளியில் வேறுவேறு குடும்பங்கள். ஒரே மாதிரி வாழ்க்கை ஒரே மாதிரி உடலைச் செதுக்கிவிடுகிறது. வம்சாவளியை மரபணுவும் எலும்பும் சேர்ந்துதான் சொல்ல முடியும்.

இடுக்கித் தவளையின் மரபணு சொன்னது வியப்பானது. அதன் மிக நெருங்கிய உறவினர்கள் இந்தியாவில் இல்லை; கடல் தாண்டி, செய்ஷல்ஸ் தீவுகளில் வாழும் சூக்ளோசிடே குடும்பத்துச் சிறு தவளைகளே அவை. உப்புநீர் பெரும்பாலான தவளைகளுக்கு நஞ்சு; கடலில் மிதந்து போயிருக்க வாய்ப்பு குறைவு. இந்தியாவும் செய்ஷல்ஸும் ஒரே நிலமாக இருந்த காலத்திலேயே இரு கிளைகளும் பிரிந்துவிட்டன. அந்த நிலம் ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளந்தபோது ஆளுக்கொரு துண்டில் தங்கிவிட்டன. பின்னர் சில ஆய்வாளர்கள் இடுக்கித் தவளையையும் சூக்ளோசிடேயிலேயே சேர்த்தார்கள். இப்போது பெரும்பாலோர் தனிக் குடும்பமாகவே வைக்கிறார்கள்.

இத்தனை நாள் இது எப்படி மறைந்திருந்தது? ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கறையானைத் தின்று வாழ்கிறது. இனப்பெருக்கத்துக்காக மழையோடு சில நாள் மட்டும் மேலே வருகிறது. மலையாளத்தில் இதைப் பாதாளத் தவளை என்கிறார்கள். பாறையை வாயால் கவ்வியபடி காட்டாற்று வேகத்தில் நிற்கும் இதன் தலைப்பிரட்டையை முதல் உலகப் போர்க் காலத்திலேயே விலங்கியலாளர்கள் ஆனண்டேலும் நாராயண ராவும் விவரித்திருந்தார்கள். அது எந்தத் தவளையாக வளரும் என்பது தெரிய ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

2017-இல் இடுக்கித் தவளையின் பேரினத்தில் இரண்டாவது சிற்றினம் விவரிக்கப்பட்டது. இது மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், நம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வாழ்வது. 2014-இல் களப்பணியின்போது இறந்த ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் நினைவாக நாசிகபட்ராகஸ் பூபதி என்று பெயரிட்டார்கள். கேரளத்துத் தவளை தென்மேற்குப் பருவமழைக்கு மேலே வருகிறது. இது வடகிழக்குப் பருவமழைக்கு.