விஞ்ஞானத்தில் மீனவனுக்கும் பங்கு உண்டு!

"விஞ்ஞானம் வளர்ந்தால் மனித குலம் வாழும்" என்று பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலிருந்தே நாம் முழங்கி வருகிறோம். கைதட்டலும் வாங்கியிருக்கிறோம். ஆனால் மனித குலம் என்றால் யார்? ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்ப்பவர் மட்டுமா? ஏரியில் வலை கட்டுபவரும் அதில் சேர்த்திதானே?

நான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பமொன்றில் பிறந்து, இங்கே சிவில் பிரிவில் படிக்கிறவன். மனித உரிமையும் விஞ்ஞான வளர்ச்சியும் தனித்தனிப் பாடங்கள் அல்ல, ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது என்பதை எங்க ஊர்ப் பக்கத்து உதாரணங்களைக் கொண்டே விளக்கப் பார்க்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948 டிசம்பர் 10ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. உயிர் வாழும் உரிமை, பேச்சுரிமை எல்லாம் நமக்குத் தெரியும். 27வது பிரிவைப் பலர் படித்திருக்க மாட்டோம். விஞ்ஞான முன்னேற்றத்திலும் அதன் பலன்களிலும் பங்கு பெற எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது அது. இதையே 1966ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 15வது பிரிவும் சொல்கிறது. அதில் இந்தியா 1979ல் சேர்ந்தது.

நம் அரசியல் சட்டத்தில் 1976ல் சேர்க்கப்பட்ட 51அ பிரிவு, விஞ்ஞான மனப்பான்மையையும் ஆராய்ந்து கேட்கும் குணத்தையும் வளர்ப்பது குடிமகனின் கடமை என்கிறது. அதாவது கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, கடமை!

ஏரியும் ஏவுதளமும்

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில், தென்பகுதி தமிழ்நாட்டில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1969ல் ராக்கெட் தளத்துக்கு அது தேர்வானது. 1971 அக்டோபரில் முதல் ரோகிணி ராக்கெட் கிளம்பியது. 2023 ஜூலை 14ல் சந்திரயான்-3 புறப்பட்டதும் அங்கிருந்துதான். ராக்கெட் மேலே போகும்போது எங்க பக்கத்துப் பிள்ளைகள் கரையில் நின்று கூச்சல் போடுவதைப் பார்க்கவேண்டும்! அந்தப் பெருமையில் எங்களுக்கும் பங்கு உண்டு.

அதற்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. தீவில் வாழ்ந்த யானாதி பழங்குடியினர் தளத்துக்காக இடம் மாற வேண்டியதாயிற்று. ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். பாதுகாப்புக்கு அது அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் விடுமுறை, அன்றாடம் உழைப்பவருக்கு ஒரு நாள் அடுப்பு. இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்வது விஞ்ஞானத்துக்கு விரோதமா? இல்லவே இல்லை.

வானத்திலிருந்து மீன் தேடுவது எப்படி?

இந்தத் தளத்திலிருந்து போன செயற்கைக்கோள்களில் ஓஷன்சாட் வரிசை கடலை ஆராய்வதற்கானது. முதலாவது 1999லும், இரண்டாவது 2009லும், மூன்றாவது 2022லும் ஏவப்பட்டன. கடல்நீரின் நிறத்தைப் பார்த்து அதில் பச்சையம் எவ்வளவு என்று இவை கணிக்கும். நீரின் மேற்பரப்பு வெப்பத்தையும் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் இடத்தில் சத்துப் பொருள்கள் மேலே வரும். அதை நம்பி நுண்ணிய பாசி பெருகும். பாசியைத் தேடிச் சின்ன மீனும், அதைத் தேடிப் பெரிய மீனும் வரும். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதை வைத்து, எந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டரில் மீன் கிடைக்கலாம் என்று உள்ளூர் மொழிகளில் சொல்கிறது.

எங்க பெரியப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, சேதி நல்லாத்தான் இருக்குது. அது சொல்ற தூரத்துக்கு நம்ம போட்டு போயி வர்றதுக்கு டீசல் கட்டுமா? அத்த யாரு சொல்றது?" என்றார்.

யோசித்துப் பாருங்கள். இந்தச் சேதி கடலுக்குப் போகிறவருக்கு, அதுவும் தூரம் போகும் படகு உள்ளவருக்குத்தான் அதிகம் உதவும். ஒரு ஆள் ஆழம்கூட இல்லாத இடங்களே நிறைந்த ஏரிக்குள் இறாலுக்கு வலை கட்டுபவருக்கு அது பயன்படாது. அவருக்கு வேண்டியது வேறு தகவல்: முகத்துவாரம் எப்போது அடைபடும், தண்ணீரில் உப்பு எவ்வளவு, ஆலைக்கழிவு கலந்திருக்கிறதா? எதை ஆராய்வது என்று முடிவு செய்யும்போதே எளியவரின் தேவையும் கேட்கப்பட்டால்தான் 27வது பிரிவுக்கு உயிர் வரும்.

உரிமை விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்த கதை

1990களில் கிழக்குக் கடற்கரை முழுக்க இறால் பண்ணைகள் முளைத்தன. நவீனத் தொழில்நுட்பம், அந்நியச் செலாவணி, நீலப் புரட்சி என்றெல்லாம் பேசப்பட்டது. ஆனால் குடிதண்ணீர் உப்பானது, வயல் கெட்டது, மீனவர் கடலுக்குப் போகும் வழி அடைபட்டது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நீதிமன்றம் நாகபுரியிலுள்ள நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை ஆய்வு செய்யச் சொன்னது. பண்ணைகளால் வரும் வருமானத்தைவிட அவற்றால் ஏற்படும் நஷ்டம் பெரிது என்று நீரி கணக்குப் போட்டுக் காட்டியது.

1996 டிசம்பர் 11ல் தீர்ப்பு வந்தது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று எங்க ஏரியின் பேரைச் சொல்லியே உத்தரவிட்டார்கள்! பிறகு 2005ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து நிலைமை மாறியது வேறு கதை. நாம் கவனிக்க வேண்டியது இதுதான். பண்ணை வைத்தவரும் விஞ்ஞானத்தைச் சொன்னார், பாதிக்கப்பட்டவருக்கும் விஞ்ஞானமே சாட்சி சொன்னது. வழக்குப் போடும் உரிமை இல்லாவிட்டால் அந்த இரண்டாவது விஞ்ஞானம் பிறந்தே இருக்காது.

அரபு நாடுகள் தரும் பாடம்

பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க ஒரு நிழற்கடிகாரம் உண்டு. கடல் வாணிபத்தோடு அரபு உலகத்தின் தொடர்பும் எங்க ஊருக்கு வந்தது. அந்த அரபு உலகத்தில் சுமார் 1000 ஆண்டுக்கு முன் பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், பழைய மேதை தாலமி எழுதியதைக்கூடச் சந்தேகித்துச் சோதிக்க வேண்டும் என்றவர். ஒளியியலுக்கு அவர் நூல் அடிப்படை.

அப்பேர்ப்பட்ட மண்ணில் பிற்காலத்தில் என்ன நடந்தது? அரபு அறிஞர்களே எழுதி, 2002ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் வெளியிட்ட அறிக்கை மூன்று குறைகளைச் சொன்னது: சுதந்திரம் குறைவு, பெண்களுக்கு அதிகாரம் குறைவு, அறிவு வளர்ச்சி குறைவு. மூன்றும் பின்னிப் பிணைந்தவை என்பதே அதன் சாரம். எகிப்தில் பிறந்த அகமது சுவைல் 1999ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார், ஆனால் அந்த ஆராய்ச்சியை அவர் செய்தது அமெரிக்காவில். எண்ணெய்ப் பணத்தால் கருவி வாங்கலாம். "ஏன்?" என்று கேட்கும் தைரியத்தை எந்தக் கடையில் வாங்குவது?

நம்ம குப்பத்துக்குள்ளே...

அடுத்தவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் இன்னாருக்கு என்று முறை வைத்து மீன் பிடிப்பார்கள். சண்டையைத் தவிர்த்து, நல்ல இடம் எல்லோருக்கும் சுற்றி வரச் செய்யும் அருமையான ஏற்பாடு. ஆனால் உரிமை அந்தந்த ஊர்த் தலைக்கட்டு ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்குக் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மக்களுக்கும் கிடையாது. அந்த இருளர் அம்மாவுக்குத் தெரிந்த சேற்று விஞ்ஞானம் எந்தக் கூட்டத்திலும் கேட்கப்படுவதில்லை. உரிமையைக் கேட்கிறவர் கொடுக்கவும் பழக வேண்டாமா?

நாம் என்ன செய்யலாம்?

நண்பர்களே! நாளைக்கு நம்மில் பலர் சர்வே எடுக்கப் போவோம், பாலம் கட்டுவோம், துறைமுக வேலைக்கும் போவோம். சென்னைத் துறைமுகச் சுவர், வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. இது பாடம் படித்த யாருக்கும் தெரியும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை எதிர்த்துப் பழவேற்காட்டு மீனவர்கள் போராடியபோது அவர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: "மணல் எங்க போவும்? எங்க முகத்துவாரம் என்ன ஆவும்?" இது வெறும் பயமல்ல, சரியான பொறியியல் கேள்வி. அதற்கு வரைபடத்தோடு, தமிழில், புரியும்படி பதில் சொல்வது நம் தொழிலின் கடமை.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். ஒன்று, ஒரு திட்டத்தின் அறிக்கையைப் படித்து ஊராருக்கு விளக்கிச் சொல்வோம். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. இரண்டு, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் போய் உட்காருவோம், கேள்வி கேட்போம். மூன்று, நிலத்தை அளக்கும் முன் அதில் வாழ்பவரிடம் பேசுவோம்; காற்றையும் நீரோட்டத்தையும் தலைமுறையாகப் பார்த்தவர்கள் அவர்கள்.

ராக்கெட் இன்னும் உயரப் போகட்டும், மனதார வாழ்த்துவோம். அது அனுப்பும் சேதி ஏரியில் நிற்கும் கடைசி மனிதரின் கைக்கும் வந்து சேரட்டும். அப்போதுதான் அதற்கு முன்னேற்றம் என்று பெயர்.