கோடையில் மரவேலியைப் புதுப்பித்தல்

நமது சங்கங்களின் ஆஸ்தி என்று சொன்னவுடன் கட்டிடமும், தறிகளும், இருப்பிலுள்ள நூலும், வித்தும் உரமுமே அங்கத்தினர்களின் நினைவுக்கு வருகின்றன. அவற்றைச் சுற்றி நின்று காவல் புரியும் வேலியை எவரும் எண்ணுவதில்லை. ஆண்டு முடிவில் அதற்கும் ஒரு சிறு தொகையைத் தேய்மானமாகக் கழித்துவிட்டு அடுத்த இனத்திற்குச் சென்றுவிடுகிறோம். கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் ஆண்டிற்கு ஒரு முறையே நிகழ்கிறது. மரத்திலோ அது நாள்தோறும் நிகழ்கிறது. இதனை நான் கற்றுக்கொண்டது என் சொந்தத் தவறு ஒன்றின் மூலமாகும். ஆகவே அதனை மறைக்காமல் எழுதுவதே முறை.

என் வட்டத்தைச் சேர்ந்த நெசவாளர் சங்கமொன்றில், சாயப்பட்டறையின் பின்புறம் நூல் உலர்த்தும் முற்றம் ஒன்று உண்டு. கருவேல மரத்துக் கால்களை நட்டு, குறுக்கே பனஞ்சட்டங்களை அடித்து, அதற்கு வேலி அமைத்திருந்தார்கள். நான் ஆய்வுக்குச் சென்ற சமயம், முன்பக்கத்துக் கால்களுக்குப் புதிதாகப் பச்சை வர்ணம் பூசப்பட்டிருந்தது. அதைக் கண்டு, "வேலி நல்ல நிலையில் உள்ளது" என்று குறிப்பு எழுதிவிட்டு வந்தேன். அடுத்த தை மாதத்தில், அறுவடையான வயலில் மேய வந்த மாடொன்று அவ்வேலியில் உடம்பைத் தேய்த்துக்கொண்டது. 4 கால்கள் ஒருங்கே சாய்ந்தன. உள்ளே மூங்கிற் கழிகளில் உலர்ந்துகொண்டிருந்த சாய நூற் சிட்டங்கள் காலடியில் மிதிபட்டு, மண்ணும் சாணமும் படிந்து வீணாயின. சங்கத்தின் கணக்கில் அந்த நட்டம் ஓரிரு வரிகளுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் அந்த நூலுக்காகக் காத்திருந்த அங்கத்தினர் வீடுகளில் ஒரு வாரம் தறி ஓடவில்லை. சாய்ந்த கால்களைப் பிடுங்கிப் பார்த்தோம். மேலே வர்ணம் பளபளத்தது; மண்ணுக்குள் இருந்த பாகம் விரலால் அழுத்தியதும் மாவாக உதிர்ந்தது.

நிர்வாக சபையார் வேலி முழுவதையும் விறகு விலைக்கு விற்றுவிட்டுப் புதிதாக அமைக்கத் தீர்மானம் கொண்டுவந்தனர். நானும் அதற்கு இசையும் நிலையில் இருந்தேன். அப்பொழுது ஊரின் முதிய தச்சர், "நரைத்ததெல்லாம் கிழம் இல்லை ஐயா, பூசினதெல்லாம் இளமையும் இல்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். அவ்வாறே பார்த்ததில், 40 கால்களில் 11 மட்டுமே கெட்டிருந்தன. மற்றவை வெளியே சாம்பல் நிறமாயிருப்பினும் உள்ளே வைரம் பாய்ந்து உறுதியாயிருந்தன.

மரம் ஏன் நரைக்கிறது? மரத்தின் நார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருளை வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் செல்கிறது. எஞ்சிய நார்களே சாம்பல் நிறமாகத் தோன்றுகின்றன. இம்மாற்றம் மேற்புறத்தில் மெல்லிய ஏடளவுக்கே நிகழ்வதாகும். உளுத்துப்போதல் என்பது வேறு. அது பூஞ்சைக் காளானின் வேலை. மரத்தில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழ் இருக்கும்வரை அக்காளான் வளர இயலாது. ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்குமிடம், கால் மண்ணைத் தொடும் மட்டமாகும். ஆகவே வேலியின் ஆயுளைத் தலையில் தேடக்கூடாது. கணுக்காலில் தேட வேண்டும்.

இவ்வேலைக்குப் பங்குனியும் சித்திரையின் முற்பகுதியும் ஏற்ற காலம். மரம் நன்கு உலர்ந்திருக்கும்; வயலிலும் வேலை குறைவு. முதலில் ஒவ்வொரு காலைச் சுற்றியும் அரை அடி ஆழம் மண்ணை அகற்றி, திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். முனை எளிதில் இறங்கினால் அக்கால் கெட்டது. கரையான் புற்று மண் ஏறியிருந்தால் அதையும் சுரண்டிவிட வேண்டும். பனஞ்சட்டத்தின் உட்புறத்துச் சோறு மென்மையானது. அதில் பூச்சி விரைவில் புகும். எனவே அதனைச் செதுக்கி நீக்கி, கருமையான வைரப் பாகத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும்.

கெட்ட காலை முழுவதும் எறிய வேண்டுவதில்லை. உளுத்த அடியை நல்ல மரம் தெரியும்வரை அறுத்துவிட்டு, குட்டையான கல்காலை மண்ணில் நட்டு, அதனோடு மேல்மரத்தை இரண்டு போல்ட்டுகளால் இறுக்கலாம். மரத்தின் அடி மண்ணிலிருந்து 2 அங்குலமாவது உயர்ந்து நிற்றல் அவசியம். காலின் உச்சியைச் சரிவாகச் சீவினால் மழைநீர் தங்காது வழியும். துத்தநாகம் பூசிய ஆணிகளையே பயன்படுத்துக. வெறும் இரும்பாணி துருவேறித் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும்.

அடுத்தது துப்புரவு. சலவைச் சோடாவைச் சிறிதளவு கரைத்த நீரால், தேங்காய் நார் கொண்டு, ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்துப் பாசியைப் போக்கி, நல்ல நீரால் அலச வேண்டும். 4 நாட்கள் உலர்ந்தபின் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்தால் மரத்தின் பழைய நிறம் வெளிப்படும். தூசியை உட்கொள்ளாதபடி மூக்கில் துணி கட்டிக்கொள்க.

பின்னர் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயுடன் சம அளவு டர்பன்டைன் கலந்து முதற் பூச்சைத் தடவலாம். அறுபட்ட முனைகள் எண்ணெயை மிகுதியாகக் குடிக்கும். அங்கு இரண்டு மூன்று முறை தடவுக. அரை மணி கழித்து, ஊறாது நின்றதைத் துடைத்தெடுக்க வேண்டும். இல்லையேல் பிசுபிசுத்துத் தூசி படியும். இரண்டாம் பூச்சில் செங்காவித் தூளைச் சேர்த்தால் அது வெயிலின் கதிர்களைத் தடுக்கும். நடுப்பகலில் மரம் கொதிக்கும் வேளையில் பூசலாகாது. காலைப் பனி உலர்ந்தபின்னும், மாலை நிழலிலும் செய்க. கத்திரி வெயில் தொடங்குமுன் வேலையை முடித்துக்கொள்ளுதல் நலம்.

இங்கு ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது காற்றிலுள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து வெப்பத்தை உண்டாக்குகிறது. எண்ணெய் தோய்ந்த துணியைக் குவித்து வைத்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, நெருப்பு வைக்காமலே தீப்பற்றும். நான் கூறும் சங்கத்தில் துடைப்பதற்கு நூற்கழிவைப் பயன்படுத்தினார்கள். மாலையில் அதனைச் சுருட்டி, நூல் கிடங்கின் மூலையில் போட்டிருந்தார்கள். தற்செயலாக நான் அதில் கை வைத்தேன், சுட்டது. உடனே வெளியே இழுத்துப் போட்டு நீரில் அமிழ்த்தினோம். மாடு மிதித்தது சில சிட்டங்களை. அன்று போயிருக்கக்கூடியது கிடங்கு முழுவதும். ஆகவே எண்ணெய்த் துணிகளை வெட்டவெளியில் ஒவ்வொன்றாக விரித்து உலர்த்துக. அன்றேல் நீர் நிரம்பிய தகர டப்பாவில் இட்டு மூடுக.

பழைய இஞ்சின் எண்ணெயைப் பூசும் வழக்கம் பலவிடங்களில் உண்டு. அது மண்ணையும் கிணற்றையும் கெடுப்பதாகையால் விட்டொழிக்கத் தக்கது. 1933-ஆம் ஆண்டில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் காமேசம் என்னும் இந்திய அறிஞர், செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவை சேர்ந்த மருந்தொன்றை உருவாக்கினார். அது உலகெங்கும் பரவி மரத்தைக் காத்தது. எனினும் ஆர்சனிக் நஞ்சாகையால், 2003-ஆம் ஆண்டின் முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களில் அதன் பிரயோகம் கைவிடப்பட்டது. அம்மருந்து ஏற்றிய பழைய மரம் கிடைத்தால் அடுப்பெரிக்கக் கூடாது. அதன் சாம்பலை வயலில் இடவும் கூடாது.

விவசாய அங்கத்தினர்களுக்கு மற்றொரு வழியும் உண்டு. கொங்கு நாட்டுக் கொறங்காடுகளைச் சுற்றிக் கிளுவை வேலி தலைமுறைகளாக நிற்கிறது. உயிர்வேலி எண்ணெய் கேட்பதில்லை. ஆனால் கவாத்துக் கேட்கும். உழைப்பின்றி நிற்கும் வேலி எதுவுமில்லை.

புதுப்பித்தபின் ஆண்டிற்கு இருமுறை வேலியைச் சுற்றி வருக. கோடையில் எண்ணெய்ப் பூச்சு மங்கிய இடங்களைப் பார்த்துத் தடவுக. ஐப்பசி மழைக்கு முன் அடியிலுள்ள சருகையும் மண் குவியலையும் அகற்றுக. இப்பொறுப்பை நிர்வாக சபையில் ஒருவரிடம் ஒப்படைத்து, தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்தல் நன்று. எல்லோருடைய வேலி எவருடைய வேலியும் அல்ல என்றாகிவிடக் கூடாது.

அச்சங்கத்தின் வேலி இப்பொழுது 11 கல்கால்களுடன் செங்காவி நிறத்தில் நிற்கிறது. புதிதாக அமைக்க ஒதுக்க எண்ணிய தொகையின் பெரும்பகுதி மிஞ்சி, கிடங்கின் கூரையைச் செப்பனிடப் பயன்பட்டது. நானும் அன்று முதல் ஆய்வுக்குச் செல்லும்போது, பேனாவுடன் ஒரு திருப்புளியையும் பையில் எடுத்துச் செல்கிறேன். குத்திப் பார்த்தபின்னரே குறிப்பு எழுதுகிறேன்.