கீரிக்கு வழி விடாத கோழிக்கூண்டு

எங்க வீட்டில் 9 நாட்டுக்கோழிகள் இருக்கு. முட்டை வித்த காசில்தான் அம்மா எனக்கு நோட்டு, பேனா வாங்குவாங்க. ஒரு கோழி போனாலும் நஷ்டம்தான்.

பாட்டி பஞ்சாரமே போதும்னு சொல்வாங்க. அது பகலுக்குச் சரி, ராத்திரிக்கு ஆகாது. கூண்டுக்குப் பலரும் அறுகோணக் கண் உள்ள கோழிவலை அடிக்கிறாங்க. அது கோழியை உள்ளே வைக்கும், அவ்வளவுதான். மெல்லிய கம்பி, நாய் கடிச்சு இழுத்தா பிய்ஞ்சிடும். நாங்க அடிச்சது அரை அங்குலக் கண் உள்ள வெல்டிங் வலை. கீரியால் தலையைக்கூட நுழைக்க முடியாது. ஆனா கீரி மண்ணைத் தோண்டுமே! அதனால் வலையைச் சுற்றிலும் 1 அடி ஆழம் புதைச்சோம். மரநாய் மேலே ஏறி வரும், கூரை இடுக்கையும் அடைக்கணும்.

அடுத்து தரை. வைக்கோல் நனைஞ்சா பூஞ்சை பிடிக்கும். ஈரத்தில் கிருமி பெருகி, குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும். கூண்டுக்குள் 3 அங்குலம் கடலைத்தோல் போட்டு, வாரம் 2 தடவை கிளறி விடுறேன். வெளியே மேயும் இடத்துக்கு மணல்தான் நல்லது. தண்ணி தேங்காது, கோழியும் அதில் புரண்டு குளிக்கும். பழைய கடலைத்தோலை மக்க வச்சு கத்தரிச்செடிக்குப் போடுறோம்.